லாயம் உள்ள வீடு

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, அங்கத்தினர்களின் சொத்து விவரங்களைப் படிப்பது அன்றாடக் கடமை. நஞ்சை இத்தனை ஏக்கர், புஞ்சை இத்தனை சென்ட், கறவை மாடு இரண்டு, ஆடு நான்கு, தறி ஒன்று என்று அவ்விவரம் நீண்டு செல்லும். பத்துப் பட்டியலைப் படித்தவர் பதினொன்றாவதைப் படிக்காமலே சொல்லிவிடலாம். அங்ஙனம் கண்ணும் மனமும் பழகிச் சலித்திருந்த ஒரு பகற்பொழுதில், பூதலூர் வட்டாரத்துச் சங்கமொன்றின் ஏட்டில், "குதிரை ஒன்று, பெட்டை, வண்டி ஒன்று" என்னும் வரியைக் கண்டு சற்றே நின்றோம். செயலாளரை நிமிர்ந்து பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "எழுத்துப் பிழை இல்லை சார், குதிரையேதான்" என்றார்.

நாம் வியந்ததில் பிழையில்லை. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 6.25 லட்சம். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி மறைந்துபோன கால்நடை இது. நெல்லும் வாழையும் விளைகின்ற காவிரிப் படுகையிலோ குதிரை எந்நாளும் உழவருக்குரிய பிராணியாக இருந்ததில்லை. சேற்றில் உழ எருதும் எருமையும் பயன்பட்டன. நம் பக்கத்தில் குதிரை அரசருக்கும், பின்னர் ரயிலடி வண்டிக்காரருக்கும் உரியதாயிற்று.

அரசர் காலத்துக் குதிரைகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்திறங்கிய பொருள்களுள் முதன்மையாகக் குதிரையைச் சொல்லும் நூல் பட்டினப்பாலை. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் என்ற படைப்பிரிவினரும், குதிரைச் செட்டிகள் என்ற வணிகரும் காணப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார் என்றும், பேணத் தெரிந்தோர் இல்லாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் குதிரைக்குப் போட்டார்களாம். லாடம் கட்டுவோர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் குதிரை விற்கும்! இடைத்தரகரின் சாமர்த்தியம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது போலும். கூட்டுறவு விற்பனையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இந்தக் குறிப்பு நம் நினைவுக்கு வரும்.

பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை ஆவுடையார்கோயில் திருப்பணியில் செலவிட்ட மாணிக்கவாசகர் வரலாற்றை அறியாதார் இலர். பக்தியின் உச்சத்தை அடியார்கள் அதிலே காண்பர். நாமும் கைகூப்பி வணங்குகிறோம். ஆயினும், ஒரு தலைப்பில் ஒதுக்கிய தொகையை மற்றொரு தலைப்பில் செலவிடும் நிர்வாகக் குழுவினர் நரிகளைப் பரியாக்கித்தர ஆளின்றித் தவிப்பதைப் பார்த்துப் பழகியவர்களாகையால், அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு உள்ளூர ஒரு நடுக்கமும் உண்டு.

தஞ்சையை ஆண்ட மராத்தியர் காலத்தின் நினைவாகச் சரசுவதி மகாலில் அசுவ சாஸ்திரச் சுவடி வண்ணப் படங்களோடு இருக்கிறது. 1952-இல் அதை நூலாகவும் பதிப்பித்தனர். அரண்மனை லாயத்தின் குதிரை தெருவுக்கு வந்த வடிவம்தான் பொய்க்கால் குதிரை. கட்டைக்காலில் நின்று, இடுப்பில் துணி போர்த்திய குதிரைக் கூட்டை மாட்டி, நையாண்டி மேளத்துக்கு ஆடும் அக்கலைக்குத் தஞ்சையே தாயகம்.

ஐயனார் கோயில்களில் வேளார் செய்து நிறுத்தும் மண் குதிரைகளை எல்லோரும் அறிவர். புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலம் ஐயனார் கோயிலில் முப்பது அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கான காகித மாலைகளைச் சாத்துகின்றனர். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியில் உள்ளது குதிரை அன்று, ஆற்று மணல் திட்டாகிய குதிர் என்பர் சில புலவர். காவிரிக் கரையில் பிறந்தோர்க்கு இரண்டும் கைவிடும் என்பது தெரியும்.

இனி ரயிலடிக்கு வருவோம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரை 1861-இலும், அங்கிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1862-இலும் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. நிலையங்கள் ஓரிடம், ஊர்கள் ஓரிடம் என்று அமைந்தமையால் நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஒரு வாகனம் வேண்டியதாயிற்று. அவ்விடத்தை நிரப்பிய வண்டிக்கு ஜட்கா என்று பெயர். குலுக்கல், வெட்டி இழுத்தல் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஏறிச் சென்றவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை இடுப்பெலும்பால் உணர்ந்திருப்பர். பூதலூரில் இறங்கித் திருக்காட்டுப்பள்ளிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் செல்வோருக்கு இன்று பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கின்றன. அக்காலத்தில் அவர்களை எதிர்கொண்டவை கொள்ளு மணமும், வைக்கோல் மெத்தையும், "முன்னாலே நகருங்க, இன்னும் கொஞ்சம் முன்னாலே" என்ற வண்டிக்காரரின் குரலுமே. இரண்டே சக்கரம் கொண்ட வண்டியில் பாரம் பின்னே சாய்ந்தால் ஏர்க்கால் மேலெழும்பிக் குதிரையின் வயிற்று வாரை இழுக்கும். முன்னே சாய்ந்தால் சுமை முழுதும் அதன் முதுகில் விழும். தராசு பிடிப்பதுபோல் ஆட்களை அமர்த்தும் அக்கலையை வண்டிக்காரர் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை.

நாம் ஏட்டில் கண்ட குதிரைக்குரியவர் அத்தகைய வண்டிக்காரருள் ஒருவர். இப்போது எண்பது வயதைக் கடந்தவர். 1960 வாக்கில் தகப்பனாரின் சாட்டையை வாங்கிய அவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயிலடியில் சவாரி ஓட்டினார். சிற்றுந்துகள் பெருகப் பெருகச் சவாரி குறைந்தது. 1983-இல் குதிரையையும் வண்டியையும் விற்றுவிட்டு, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருந்த சிறு நிலத்தோடு அமைந்தார். பிள்ளை தலையெடுத்து, குடும்பம் ஊன்றி நின்ற பிறகு, 2009-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், மூன்று வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "இருபத்தாறு வருஷம் வீட்டில் குதிரை இல்லாமல் இருந்தேன் தம்பி. சாப்பிட்டது எதுவும் ருசிக்கவில்லை" என்று அவர் நம்மிடம் சொன்னபோது, அவருடைய மனைவியார் உள்ளிருந்தபடியே, "அந்த இருபத்தாறு வருஷமும் நான் சமைத்ததை ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிக்கொண்டோம்.

குதிரைக்குச் சிட்டு என்று பெயர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. உயரம் மிகுதியில்லை. ரயிலடி நாட்களில் ஓட்டியதைப் போன்ற வண்டியொன்றைப் பெரியவர் பழைய அச்சும் வில்லும் தேடி வாங்கி, தச்சரிடம் சொல்லிச் செய்வித்திருக்கிறார். விடியற்காலை நான்கரை மணிக்கு அவ்வீடு விழிக்கிறது. பேரன் லாயத்தைக் கூட்டுகிறான். மருமகள் இரண்டு பசுக்களையும் கறக்கிறார். அண்டை வீட்டார் ஐந்தாறு பேரின் பாலும் சேர்ந்து இரண்டு கேன்களில் வண்டியேறுகிறது. பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கேன்களைச் சேர்க்க அண்டை வீட்டார் சிறு கூலி தருகின்றனர். திரும்பும் வழியில் வண்டி வெறுமனே வருவதில்லை. மாட்டுத்தீவனம், மளிகை, உர மூட்டை, சில நாள் பஸ்ஸைத் தவறவிட்ட ஆசிரியை என்று ஏதேனும் ஒன்று ஏறிக்கொள்ளும். மழை நாளில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். அன்றைக்கு, "முன்னாலே நகருங்க" என்று பேத்தி தாத்தாவின் குரலிலேயே கூவுவாள். பத்து வயதுப் பெண் அது. அறுவடைக் காலத்தில் வயலுக்குச் சோறு போவதும் சிட்டுவின் வண்டியில்தான். வரப்போரம் அவிழ்த்துவிட்டால் அருகம்புல்லை அடியோடு நறுக்கி மேயும். நெற்பயிரில் வாய் வைக்காது என்று பெரியவர் சத்தியம் செய்கிறார். பக்கத்து வயல்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாம் இருவரையும் விசாரித்துவிட்டு, தீர்ப்புக் கூறாமல் வந்துவிட்டோம்.

மாலையில்தான் அவ்வீட்டைப் பார்க்க வேண்டும். லாயம் என்பது வீட்டின் தென்புறம் சாய்ப்பாக இறக்கிய ஒரு கீற்றுக் கொட்டகை. திண்ணைக்கும் அதற்கும் நான்கு முழ தூரமே இருக்கும். குதிரை தன் கொள்ளை மெல்லும் ஓசை திண்ணையில் கேட்கும். அவ்வோசையில் குடும்பம் முழுவதும் கூடுகிறது. பேத்தி இரும்புச் சீப்பால் குதிரையின் விலாவைத் தேய்ப்பாள். பேரன் குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பான். மகன் வயலிலிருந்து வந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் குதிரையின் கழுத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டே உள்ளே போவார். மருமகள் பிறந்த ஊர் அய்யம்பேட்டை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். வயிற்று வார் அறுந்து, கடையில் வாங்கிய செயற்கை நூல் வார் தோலை உராய்ந்து புண்ணாக்கிய ஒரு சமயம், பிறந்தகத்திலிருந்து பருத்தி நூல் வரவழைத்து, நான்கு விரற்கடை அகலத்தில் அடர்த்தியான நாடா ஒன்று தாமே நெய்தார். அது பல ஆண்டுகள் உழைத்தது. இப்போது பூட்டியிருப்பது இரண்டாவது. நெசவாள அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். வேர்வையை உறிஞ்சும் பருத்தி வாருக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பதை அக்குதிரையின் விலாவைத் தடவிப் பார்த்தே அறிந்தோம்.

குதிரைக்குட்டி பிறந்த கதையை அவ்வீட்டில் ஐவரும் ஐந்து விதமாகச் சொல்கின்றனர். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழப் பதினொரு மாதம். ஆள் அரவம் அடங்கிய இரவிலேயே பெரும்பாலும் ஈனும். 2014-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மூன்று இரவுகள் பெரியவர் லாயத்திலேயே கட்டில் போட்டுக் காத்திருந்தார். நான்காம் இரவு, தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று உள்ளே போன பத்து நிமிடத்தில் சிட்டு ஈன்றுவிட்டது. அப்பாயியின் குரல் கேட்டு அனைவரும் ஓடி வந்தபோது, ஈரம் காயாத ஆண் குட்டி நான்கு கால்களையும் நான்கு திசையில் பரப்பிக்கொண்டு எழ முயன்று கொண்டிருந்தது. விழுந்து விழுந்து எழுந்து, முக்கால் மணி நேரத்துக்குள் நின்று, தாயின் மடியைத் தவறான பக்கத்தில் தேடியது. அன்று பேரனுக்கு வயது ஏழு. நின்றுகொண்டே தூங்கும் தாய்க்குதிரையையும் படுத்துத் தூங்கும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா மட்டும் ஏன் படுக்கவில்லை?" என்று கேட்டானாம். குட்டிக்குக் காவல் என்று அப்பாயி பதில் சொன்னார். குதிரையின் கால் மூட்டுகள் தாமே பூட்டிக்கொள்ளும் அமைப்புடையவை, ஆகையால் நின்றபடி உறங்க அதனால் இயலும் என்று கால்நடை மருத்துவர் பின்னர் விளக்கினார். பையன் இன்னும் அப்பாயியின் பதிலையே நம்புகிறான்.

அக்குட்டி மூன்றாண்டுகள் அவ்வீட்டில் வளர்ந்தது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மேட்டூரில் நீரின்றி, படுகை முழுவதும் சம்பா கருகியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு வரப்பில் புல் இல்லை, களத்தில் வைக்கோல் இல்லை. கொள்ளு வாங்கக் காசில்லை. மருமகளின் கழுத்துச் சங்கிலி சங்கத்தில் நகைக்கடனுக்கு ஈடாக இருந்தது, மீட்கும் கெடுவும் நெருங்கிவிட்டது. பசுக்களை விற்றால் அன்றாட வரும்படி போய்விடும். குதிரைகள் இரண்டில் ஒன்றை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறுதியில் பெரியவரே தரகரை வரச்சொன்னார். இளங்குதிரைக்குத்தான் விலை என்றார் தரகர். குட்டி போயிற்று, சங்கிலி வந்தது. மருமகள் அதைப் பற்றிச் சொல்லும்போது, "கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு மாதம் மனசு வரவில்லை, சார். மாமாதான், 'போட்டுக்கொள்ளம்மா, இல்லாவிட்டால் அவன் போனது வீணாகிவிடும்' என்று சொன்னார்" என்றார். பையன் இரண்டு நாள் பள்ளிக்கும் போகவில்லை, சரியாக உண்ணவும் இல்லை. அந்தக் குதிரை புதுக்கோட்டைப் பக்கத்தில் வண்டிப் பந்தயத்தில் ஓடுகிறதென்று பிறகு யாரோ சொல்லக் கேட்டிருக்கின்றனர்.

கணக்கு என்ற சொல் வந்துவிட்டால் நம் தொழில் நம்மை விடாது. மருமகள் மேல்நிலை வகுப்பு வரை படித்தவர், குதிரைக்கென்று தனி நோட்டே வைத்திருக்கிறார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. பால் கேன் கூலி, திருமண ஊர்வலத்துக்கு வண்டி போன வாடகை, மூட்டைக் கூலி ஆகியன வரவு. கொள்ளு, தவிடு, உப்புக்கட்டி, லாடம், மருந்து, கீற்று மாற்றியது ஆகியன செலவு. மூன்றாண்டுக் கணக்கைக் கூட்டினோம். ஓராண்டில் மட்டும் வரவு சற்றே மிஞ்சியது. மற்ற இரண்டிலும் செலவே மிகுதி. சொந்த வரப்பில் அறுத்த புல்லுக்குச் செலவு எழுதப்படவில்லை, தோட்டத்துக்குப் போன குதிரை லத்திக்கு வரவும் எழுதப்படவில்லை. லத்தி நல்ல சூடுள்ள எரு. மட்கவைத்துப் போட்ட கத்தரிப் பாத்தியை நாமே கண்டோம். இவற்றையெல்லாம் சேர்த்தாலும், பெரியவரின் உழைப்புக்குக் கூலி வைத்தால் குதிரை நஷ்டக் கணக்கே என்று மருமகள் தெளிவாகச் சொன்னார். நாமும் மறுக்கவில்லை. "அப்படியானால் ஏன் நோட்டு எழுதுகிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?" என்றார். இவ்வளவு நேர்மையான கணக்கேட்டைப் பெரிய ஸ்தாபனங்களிலும் நாம் அடிக்கடி கண்டதில்லை.

சிட்டுக்கு இப்போது இருபது வயதை நெருங்குகிறது. நன்கு பேணிய குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும். ஆயினும் கேன்களை இழுக்கும் வயது கடந்துகொண்டிருக்கிறது. இங்கேதான் அவ்வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. இளைஞனாகிவிட்ட பேரன், சிட்டுவை விற்றுவிட்டு, இருக்கிற சேமிப்பையும் சேர்த்து இளங்குதிரை ஒன்று வாங்கிப் பந்தயத்தில் ஓட்ட விரும்புகிறான். தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பெரிய மாடு, கரிச்சான் மாடு, பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று பிரிவு பிரிவாக எல்லைப் பந்தயங்கள் நடைபெறுவதை அறிவீர்கள். பெரியவர் தம் பேரன் குதிரை ஓட்டுவதை வேண்டாமென்று சொல்லவில்லை. சிட்டுவை விற்பதற்குத்தான் உடன்படவில்லை. இருபது வயதுக் குதிரையை யார் வாங்குவார், எதற்கு வாங்குவார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பாயி பேரன் பக்கம். மகன் வழக்கம்போல் வாய் திறப்பதில்லை. மருமகள் நோட்டைக் காட்டி, ஒரு குதிரைக்கே இவ்வளவென்றால் இரண்டு குதிரைக்கு எவ்வளவு என்று கேட்கிறார். பந்தயத்தை நாம் வெறுப்பவரல்லர். ஆனால் தார்ச்சாலையில் முழு வேகத்தில் ஓடும் குதிரையின் முன்னங்கால் மூட்டு நெடுநாள் தாங்காது என்பதையும், பரிசுத்தொகையை நம்பித் தீவனக் கடன் வாங்கியவரின் ஏடு எப்படி முடிகிறது என்பதையும் அறிவோம். அதைப் பையனிடம் சொன்னோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

2024 ஆடியில் தாத்தாவும் பேரனும் ஒன்றாக அந்தியூருக்குப் போனார்கள். ஈரோடு மாவட்டத்தில் குருநாத சுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் அச்சந்தை, திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பது என்று அவ்வூரார் சொல்வர். காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளும் வரிசையாகக் கட்டியிருக்கும். பெரியவர் பேரனுக்குப் பல் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். முன்பல் முதற் ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், கடைசி ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்கு மேல் பல்லின் தேய்மானத்தைக் கொண்டே வயதை மதிப்பிட வேண்டும். சுழி பார்த்து விலையைக் கூட்டியும் குறைத்தும் பேசும் தரகரிடம், சுழியை விட்டுவிட்டு நடையைப் பார் என்று பெரியவர் சொன்னாராம். இரண்டு நாள் சுற்றினார்கள். பையனுக்குப் பிடித்த குதிரைக்குப் பணம் போதவில்லை. பணத்துக்கு ஏற்ற குதிரையின் நடை தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. சிட்டுக்கு ஒரு புதிய தலைக்கயிறும் சலங்கைப் பட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

குதிரை வளர்க்க நினைக்கும் அங்கத்தினர்களுக்குச் சில செய்திகள். குதிரை அசைபோடாத பிராணி. உடலுக்கு ஒப்பிடுகையில் அதன் இரைப்பை சிறியது. உண்டதை அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகையால் மாட்டுக்குப் போடுவதுபோல் வைக்கோலை மட்டும் வாரிப் போட்டால் குடல் அடைத்துச் சூலை கண்டு, ஓரிரவில் உயிர் போய்விடும். பூசணம் பிடித்த தீவனம் நஞ்சுக்கு ஒப்பாகும். பெரியவர் நாள்தோறும் கொள்ளு இரண்டு கிலோவை ஊறவைத்து, நசுக்கி, மூன்று வேளையாகப் பிரித்து வைக்கிறார். அருகம்புல்லும் சோளத்தட்டையும் நாள் முழுதும் சிறுகச் சிறுகக் கொடுக்கிறார். தண்ணீர் முப்பது லிட்டருக்குக் குறையாது. ஓடி வந்த சூட்டோடு கொள்ளு வைப்பதில்லை. ஆணி குத்தினாலோ தோல் கிழிந்தாலோ இசிவு நோய் மிக எளிதில் பற்றும் பிராணியும் குதிரையே. அதற்குரிய தடுப்பூசியைத் தவறாமல் போடுவித்தல் வேண்டும். சந்தையில் வாங்குமுன் கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது மிக முக்கியம். அது மனிதருக்கும் தொற்றும் கொடிய நோய். மூக்கில் சளியும் புண்ணும் உள்ள குதிரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. நம் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் மருந்தகத்தில் இயலாததற்கு அங்கே செல்லலாம்.

மருத்துவர் கிடைத்தாலும் லாடம் அடிப்பவர் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு. குளம்பு நகத்தைப்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மீண்டும் அடித்தாக வேண்டும். ஆணி ஒரு நெல் அளவு உள்ளே சாய்ந்தால் குதிரை நொண்டும். சிட்டுக்கு லாடம் அடிப்பவர் தஞ்சைப் பக்கத்திலிருந்து வருகிறார். எழுபது வயதுக்கு மேலாகிறது, கண் பார்வையும் மங்கிவிட்டது. அவருடைய பிள்ளைகள் எவரும் அத்தொழிலைக் கற்கவில்லை. சென்ற இரண்டு முறையும் அவர் குளம்பைத் தொட்டுப் பார்த்து இடம் சொல்ல, பேரன் செதுக்கினான். ஆணியை மட்டும் அவரே அடித்தார். அடுத்த முறை வரும்போது சுத்தியலையும் பையனிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முன்னங்கால் ஒன்றில் மட்டும், அதுவும் தாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.